கண்ணுக்குள் ஒரு பொம்மை

ஆசிரியருக்கு,

கண் நலக் கட்டுரையில், கண்ணின் நடுவே இருக்கும் கரிய வட்டத்தைப் 'பியூப்பில்' என்றே நெடுக அச்சிட்டிருந்தீர்கள். ஏதோ மருத்துவச் சொல் என்று கடந்துபோக மனம் வரவில்லை. அதன் பிறப்பு அத்தனை அழகு. லத்தீனில் 'பூப்பா' என்றால் சிறுமி, பொம்மை. அதைச் செல்லமாகச் சொன்னால் 'பூப்பில்லா'. எதிரில் இருப்பவரின் கண்ணை நெருங்கிப் பாருங்கள், கரிய வட்டத்துக்குள் நம் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரியும். ரோமானியர் அதையே பெயராக்கிவிட்டார்கள். கிரேக்கர்களின் 'கோரே'யும் சிறுமிதான், வடமொழிக் 'கனீனிகா'வும் அப்படியே. (மாணவரைக் குறிக்கும் 'பியூப்பி'லும் இதே குடும்பம், லத்தீனில் அது காப்பாளரிடம் வளரும் அநாதைப் பிள்ளை.)

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? பாவை! பொம்மையும் அதுதான், பெண்ணும் அதுதான், கண்ணுக்குள் இருப்பதும் அதுதான். காதலிக்கு இடம் வேண்டும், நீ கிளம்பு என்று கருமணிப் பாவையையே விரட்டுகிறான் 1123ஆம் குறளின் காதலன். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 'பியூப்பில்' எதற்கு? அடுத்த கட்டுரையில் 'கண்பாவை' என்றே போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்