பிட்சர் பிள்ளைகளின் முழங்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு நாளில் இத்தனை பந்துதான் வீசலாம் என்ற பந்துக் கணக்கு இருப்பதால் கைக்குப் பயமில்லை என்று அதில் எழுதியிருந்தது. லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவனாக, இருக்கும் பையனின் அம்மாவான எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

11, 12 வயதில் ஒரு நாளைக்கு 85 பந்துதான். 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. நல்ல விதிதான். ஆனால் அது ஆட்டத்தில் வீசுவதை மட்டுமே எண்ணுகிறது. கை வீசும் கோணத்தை மாற்றும்படி கோச் சொல்லிவிட்டால் பிள்ளை பயிற்சியிலும் வீட்டுப் பின்புறத்திலும் வீசித் தீர்ப்பதை யார் எண்ணுகிறார்கள்?

ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் போகும் பந்து) விழவில்லை என்று சீசன் நடுவில் ஒரு கோச், "கையை இறக்கி சைடுல இருந்து வீசு" என்றார். என் பையன் உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு முழங்கையை மட்டும் இறக்கினான். சில வாரங்களில், பையை இடது தோளுக்கு மாற்றி, வலது முழங்கையின் உள்பக்கத்தை அமுக்கிக்கொண்டே காருக்கு வந்தான். "வலியெல்லாம் இல்லம்மா, டைட்டா இருக்கு" என்றான். எலும்பு வளரும் தட்டு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, வீசுவதையே நிறுத்தச் சொன்னார் டாக்டர். இந்த வயதில் தசைநாருக்கு முன்னால் அடிவாங்குவது அந்தத் தட்டுதான்.

நல்ல பிட்சர்களைப் பாருங்கள். மேலிருந்து வீசும் ஓவர்ஹேண்டோ பக்கவாட்டில் வீசும் சைடு ஆர்மோ, பந்தை விடும்போது மேல்கை உடம்போடு ஏறக்குறைய 90 டிகிரியிலேயே நிற்கும். மாறுவது உடம்பின் சாய்வு. அதைச் சொல்லித்தராமல் "கையை இறக்கு" என்றால் முழங்கை தோளுக்குக் கீழே தொங்கிப்போய், சுமை முழுக்க முழங்கையின் உள்பக்கத்தில் விழுகிறது.

கோணத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால் சீசன் முடிந்து, கை நன்றாக ஓய்வெடுத்த பிறகு மாற்றட்டும். குறைந்த தூரம், பாதி வேகம், கொஞ்சம் பந்து என்று தொடங்கட்டும். பயிற்சிப் பந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், பிட்ச் செய்த அன்றே, வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிறுத்தக் கூடாது; கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார். களைத்த கையோடு அடிக்கடி வீசும் இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சைவரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. "டைட்" என்ற சொல் காதில் விழுந்த அன்றே பந்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

இதைப் பற்றி விளையாட்டு மருத்துவர் ஒருவரை விரிவாக எழுதச் சொன்னால், என்னைப் போன்ற பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி,
டெக்சாஸ்