தனித்து வந்த பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் மிக்க உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பெற்றோரோ உறவினரோ இன்றி இங்கிலாந்துக்கு வந்து தஞ்சம் கேட்ட பிள்ளைகளுக்காகத் தென் லண்டனில், குரொய்டனை அண்டி நாம் நடத்திவரும் சனிக்கிழமைக் கூடத்தின் ஆண்டுக் கணக்கறிக்கை சென்ற மாதம் உறுப்பினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பணமாகத் தந்தவர்கள் அனைவருக்கும் அதிலேயே நன்றி தெரிவித்திருக்கிறோம். ஆனால் எமது வேலையின் பெரும்பகுதியைத் தாங்கியவை, அந்த அறிக்கையின் எந்தப் பத்தியிலும் எழுத முடியாத உதவிகள்தாம். அவற்றைச் செய்தவர்களுக்காகவே இம்மடல். பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். உதவியவர்களிலும் பலர் தம் பெயர் வேண்டாம் என்றதால், அவர்களையும் செய்த வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன். யார் யார் என்பது அவரவர்க்குத் தெரியும்.

குரொய்டனிலுள்ள உள்துறை அமைச்சின் லூனார் ஹவுஸ் கட்டடம் நம்மவர்களுக்குப் புதியதல்ல. இலங்கையை விட்டு வந்த எத்தனையோ பேர் அதன் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறோம். கைதுக்கும் ஆட்சேர்ப்புக்கும் அஞ்சிப் பெற்றோரால் தனியே அனுப்பப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருந்தார்கள். தஞ்சக் கோரிக்கைகள் அங்கே பதியப்பட்டதால், தனித்து வரும் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் கடமை குரொய்டன் கவுன்சில் மீதும், டோவர் துறைமுகம் அமைந்த கென்ற் கவுன்சில் மீதும் நீண்ட காலமாக அளவுக்கு மீறி விழுந்தது. அதை மற்றக் கவுன்சில்களோடு பகிர்வதற்காக 2016 இல் தொடங்கப்பட்ட தேசிய இடமாற்றத் திட்டம் 2021 இன் இறுதியில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதே 2021 ஜூலையிலிருந்து அமைச்சு பிள்ளைகளை ஹோட்டல்களில் தங்கவைக்கத் தொடங்கியிருந்தது. அவ்வாறு தங்கவைக்கப்பட்ட 4,600 பேரில் 200 பேர் எங்கே என்று தெரியவில்லை என்பதை 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஜூலையில், ஹோட்டல்களை இவ்வாறு வழக்கமாகப் பயன்படுத்துவது சட்டத்துக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தச் செய்திகளைக் கேட்டுப் பதைத்து எம்மைத் தேடி வந்தவர்கள் உங்களில் பலர். பதைத்து வந்தவர்கள் பலர் என்றாலும், செய்தி அடங்கிய பின்னும் தொடர்ந்து வந்தவர்களையே நான் இங்கே முதன்மையாக நினைக்கிறேன்.

ஏனெனில் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் எதையும் தரவில்லை என்று சொல்ல முடியாது. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, தனித்து வந்த பிள்ளைக்கு உறைவிடம் தந்து பராமரிப்பது கவுன்சிலின் கடமை. இந்த நாட்டில் பிறந்து பராமரிப்பில் வளரும் பிள்ளைக்கு உள்ள உரிமைகள் அவனுக்கும் உண்டு. ஆகவே ஒரு சமூகப் பணியாளர் வருவார், பராமரிப்புத் திட்டத்தை மீளாய்வு செய்ய இன்னொருவர் வருவார், கல்லூரியில் ஒருவர் இருப்பார், சட்டத்தரணி ஒருவர் இருப்பார். இவர்களுள் நல்லவர்களே அதிகம். ஆனால் ஒருவர் வேலை மாறிப் போவார், அவருடைய இடத்துக்கு வருபவர் கதையை மீண்டும் முதலிலிருந்து கேட்பார். மூன்று எல்லைகளைக் கடந்து வந்த பதினாறு வயதுப் பிள்ளை, தன் தந்தை எப்படி இறந்தார் என்பதை நான்காவது ஆளுக்குச் சொல்லும்போது அது ஒப்புவித்தல் போலத்தான் வெளிவருகிறது. பிறகு, உணர்ச்சியின்றிச் சொன்னான் என்று அதையே ஒரு குறையாகக் கோப்பில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் இத்தகைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதுகாவலர் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு 2010 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2015 இல் சட்டத்திலும் இடம்பெற்றது. வட அயர்லாந்திலும் அது உண்டு. இங்கிலாந்தில், கடத்தலுக்கு ஆளானதாகக் கருதப்படும் பிள்ளைகளுக்கு மட்டுமே அதையொத்த ஏற்பாடு உள்ளது. மற்றவர்களுக்கு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாறாமல் உடன்வரும் பெரியவர் என ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களுக்கு நன்றி சொல்லவே இத்தனையும் எழுதினேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் அண்ணா ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். தஞ்ச நேர்முகத்தின்போது பிள்ளையோடு பொறுப்பான பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். அவர் குடிவரவு அதிகாரியாக இருக்கக் கூடாது. அவர் பதில் சொல்லக் கூடாது, வாதாடவும் கூடாது. பிள்ளைக்குக் கேள்வி விளங்குகிறதா, களைத்துவிட்டானா, மொழிபெயர்ப்பாளர் சொல்வது அவனுடைய மொழிதானா என்பதைக் கவனித்து, வேண்டியபோது இடைவேளை கேட்க வேண்டும். பார்ப்பவருக்கு இது ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். சூடானின் டார்ஃபூரிலிருந்து வந்த பையன் ஒருவனுக்கு, முற்றிலும் வேறுபட்ட பேச்சு வழக்குடைய அரபு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்ததை இந்த அண்ணா முகக்குறிப்பிலேயே கண்டுபிடித்து நேர்முகத்தை நிறுத்தச் செய்தார். அரபு மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அன்று நிறுத்தாமல் விட்டிருந்தால், முன்னுக்குப் பின் முரணான பதில்கள் என்று அந்தப் பதிவே பின்னர் அவனுக்கு எதிராக நின்றிருக்கும்.

பிள்ளை பதினெட்டுக்குக் குறைந்தவன்தானா என்று எழும் வயதைப் பற்றிய சிக்கலில் உதவியவர்களுக்கும் தனியே நன்றி கூற வேண்டும். ஆப்கானிஸ்தானில் பயன்பட்டுவந்த சூரிய நாட்காட்டியில் ஆண்டு மார்ச் 21 அளவில் பிறக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக்க, மாதத்தைப் பொறுத்து 621 அல்லது 622 ஐக் கூட்ட வேண்டும். 1386 இல் பிறந்தேன் என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு ஓர் அலுவலகத்தில் 2007 என்றும் இன்னோர் அலுவலகத்தில் 2008 என்றும் எழுதிவிடுகிறார்கள். பிறகு, இரண்டு வயது சொன்ன பொய்யன் என்ற பட்டம் அவனுக்கு வந்து சேருகிறது. பிறந்த நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது என்று சொன்ன அப்பம்மாக்களோடு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கவில்லை. கணக்காளராக இருந்த ஒருவர் மாதவாரியாக இரு நாட்காட்டிகளுக்கும் அட்டவணை தயாரித்து, ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் வைத்தார். வயது மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும் என்பதை லண்டனின் மேர்ட்டன் கவுன்சில் தொடர்பான 2003 ஆம் ஆண்டின் வழக்குத் தீர்ப்பு வகுத்தது. வயது என்பது நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டிய உண்மை என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் குரொய்டன் கவுன்சில் தொடர்பான வழக்கில் கூறியது. இத்தீர்ப்புகளை எளிய தமிழில் எங்களுக்கு விளக்கிய இளம் சட்டத்தரணித் தங்கைக்கு நன்றி. எந்தக் கடிதத்துக்கு அவசரமாகப் பதில் வேண்டும், எது காத்திருக்கலாம் என்று எங்களுக்குத் தெரியவந்தது அவரால்தான்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். கோயில் மடப்பள்ளியிலிருந்து சனிக்கிழமைகளில் சாப்பாடு தர முன்வந்தபோது, சைவச் சாப்பாட்டை இந்தப் பிள்ளைகள் தொடுவார்களா என்ற தயக்கம் எங்களுக்குள் இருந்தது. எரித்திரியப் பிள்ளைகளில் பலர் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். புதன், வெள்ளிகளிலும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய 55 நாள் பெருநோன்பிலும் அவர்கள் இறைச்சி மட்டுமன்றிப் பால், முட்டை, வெண்ணெய் என எதையும் தொடமாட்டார்கள். தங்குமிடங்களில் அந்நாட்களில் வெறும் பாணைத் தின்று கிடந்தவர்களுக்கு எங்கள் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் நோன்புக்கு ஏற்ற சாப்பாடாக அமைந்தன. இதை அறிந்ததும் மடப்பள்ளி அம்மா அந்த வாரங்களில் நெய்யை நிறுத்தித் தேங்காய்ப்பாலுக்கு மாறினார். யாரும் கேட்காமலே தோசையும் சுட்டார். தெஃப் என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்சேராவைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் புளிப்பு உடனே பிடித்துக்கொண்டது. அவரை அவர்கள் இன்று "அன்ரி" என்றே அழைக்கிறார்கள். யாரிடமிருந்து பழகினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ரமழான் மாதத்தில், புத்தளத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஆப்கான், சூடான் பிள்ளைகளுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, நோன்பு திறக்கும் நேரம்வரை அவர்களோடு காத்திருந்தார். கடைக்கார அண்ணா அரிசியும் பருப்பும் தந்ததோடு நில்லாமல், வேலை செய்ய அனுமதி கிடைத்த இருவருக்குத் தன் கடையில் முறையான சம்பளத்தில் வேலையும் தந்தார். "முறையான" என்பதை அழுத்தியே எழுதுகிறேன். அனுமதியில்லாத பிள்ளைகளை மலிவான கூலிக்கு அழைப்பவர்கள் எங்கள் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

கல்லூரிகளில் ஆங்கில வகுப்பு செப்டெம்பரில் தொடங்கிவிடும். ஒக்டோபரிலோ நவம்பரிலோ வந்து சேரும் பிள்ளை பெரும்பாலும் அடுத்த தவணைவரை சும்மா இருக்க நேரிடுகிறது. மனம் மிகவும் அலைக்கழிவது அந்த வாரங்களில்தான். அந்த இடைவெளியில் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவருக்கும் எங்கள் வணக்கம். எழுத்தறியாத பிள்ளைக்கு முதலில் பேனாவைப் பிடிக்கப் பழக்குவது, இரண்டு மொழி எழுதத் தெரிந்தவனுக்கு மூன்றாவதைக் கற்பிப்பதிலிருந்து முற்றிலும் வேறான வேலை என்பதை அவர்களைப் பார்த்தே நாங்கள் கற்றோம். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லாவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் பதியலாம் என்ற விதியை அச்சிட்டுத் தந்த டொக்டர் தம்பிக்கும், தடுப்பூசி அட்டவணையை விளக்கிய தாதிக்கும், பேருந்தில் இலவசமாகப் பயணிக்கும் ஒய்ஸ்டர் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த மாணவிகளுக்கும் நன்றி.

தொலைந்த குடும்பத்தாரைத் தேடும் செஞ்சிலுவைச் சங்கத்தின் இலவசச் சேவைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற அக்காவைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். அவரும் அதை விரும்பமாட்டார். போருக்குப் பின் தன் சொந்தத் தம்பிக்காக அதே போன்ற படிவத்தை நிரப்பியவர் அவர். தேடத் தொடங்கலாமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும் என்று எங்களைப் பொறுத்திருக்கச் செய்தவரும் அவரே. தாய் உயிரோடிருப்பது தெரியவந்தாலும், அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை பெற்றோரை இங்கே அழைப்பதற்குக் குடிவரவு விதிகளில் இடமில்லை என்பதைப் பதினேழு வயதுப் பையனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவர் மீதே விழுந்தது.

தமது வீட்டில் பிள்ளைகளை ஏற்று வளர்த்த குடும்பங்களுக்கு எந்த நன்றியும் போதாது. குர்திஷ் சிறுவன் ஒருவனை வளர்த்த தம்பதியர், இரவில் அவன் விழித்து நடப்பதைக் கண்டு, காரணம் கேட்காமல் சமையலறை விளக்கை எரியவிட்டுப் படுத்தார்கள். கேள்வி கேட்பவர்கள் அவனுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தார்கள்.

குற்றப் பின்னணிச் சோதனைப் படிவங்களை நிரப்பச் சொன்னபோது, "எங்களைக் கள்ளர் என்று நினைத்தீர்களா" என்று கோபித்த மூத்தவர்கள் சிலர் உண்டு. கோபித்தபடியே நிரப்பித் தந்தீர்கள்; அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நன்றி. தைப்பொங்கலன்று உடுப்பு மூட்டைகளோடு வந்து பிள்ளைகளோடு படம் எடுக்க விரும்பியவர்களை நாங்கள் மறுத்தது சிலருக்கு மனத்தாங்கலாக இருந்திருக்கும். முகம் வெளியே தெரிந்தால் ஊரிலுள்ள குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடிய பிள்ளைகளும், கடத்தியவர்களிடமிருந்து தப்பி வந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காரணத்தை விளக்கியதும் படங்களை அழித்துவிட்டு, மூட்டைகளை வைத்துவிட்டு, மறுவாரம் பாத்திரம் கழுவ வந்த குடும்பத்தை நாங்கள் மறக்கவில்லை.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஜனவரி 1 எழுதப்படுவது வழக்கம். அதனால் புத்தாண்டன்று எங்கள் பிள்ளைகளில் பலர் ஒரே நாளில் பதினெட்டைக் கடக்கிறார்கள். பராமரிப்பை விட்டு வெளியேறுபவர்களுக்குக் கவுன்சிலின் ஆலோசகர் 25 வயதுவரை உண்டு என்றாலும், தனியார் வீடொன்றை வாடகைக்கு எடுக்கச் சென்றால் இங்கே வருமானமுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். மற்றப் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ அதில் கையெழுத்திடுகிறார்கள். இந்த ஆண்டு எமது பிள்ளைகள் மூவருக்காக அப்படிக் கையெழுத்திட்டவர்கள், வாடகை நிலுவையானால் தாமே கட்ட நேரிடும் என்பதை நன்கு அறிந்தே கையெழுத்திட்டார்கள். அவர்களுள் ஒருவர் தம் மனைவியிடம்கூட ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார் என்று பின்னர் அறிந்தோம். அந்த அம்மாவுக்கும் எமது நன்றி. வரும் ஜனவரியில் பதினெட்டாகும் பிள்ளைகளுக்கும் இதே தேவை இருக்கிறது. நிபந்தனைகளை முழுமையாக வாசித்து, வீட்டாரோடு பேசி, மனம் ஒப்பியவர்கள் மட்டும் சனிக்கிழமையில் என்னோடு கதைக்கலாம்.

மிக்க நன்றியுடன்,
சனிக்கிழமைக் கூடத்தின் செயலாளர்