கேட்கச் சொல்லுமுன் ஏற்பாட்டைச் செய்யுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களையும் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் தன் வாழ்நாளில் துணைவரின் வன்முறைக்கோ வேறொருவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார். இவர்களில் பலர் போலீசிடம் போவதே இல்லை. ஆனால் உங்களிடம் வருகிறார்கள். தீராத தலைவலி, தூக்கமின்மை, அடிவயிற்று வலி, கர்ப்பகாலப் பரிசோதனை, குழந்தையின் தடுப்பூசி என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அடி வாங்கும் ஆண்களும், பெற்ற பிள்ளைகளிடமே பயந்து வாழும் முதியவர்களும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்காகப் பல இடங்களில் நடப்பது என்ன? ஒருநாள் பயிற்சி, சுவரில் ஒரு போஸ்டர், சந்தேகம் வந்தால் நோயாளியிடம் கேளுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை. சரி, மருத்துவர் கேட்கிறார். “ஆமாம், அடிக்கிறார்” என்று பதில் வருகிறது. அப்புறம்? வெளியே கூட்டம் காத்திருக்கிறது. யாருக்கு போன் செய்வது என்று தெரியாது. இப்படி ஒருமுறை கையைப் பிசைந்துகொண்டு நின்ற மருத்துவர் அடுத்தமுறை கேட்கத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கச் சொன்னவர்கள், பதில் வந்த பிறகு நடக்க வேண்டியதற்கு ஏற்பாடு செய்யவில்லை. அதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அப்படிச் செய்தால் என்ன மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹேக்னி, பிரிஸ்டல் பகுதிகளின் கிளினிக்குகளில் நடந்த ஐரிஸ் ஆய்வு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 24 கிளினிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கூடவே, குடும்ப வன்முறைக்கான உதவி அமைப்பில் வேலை செய்யும் ஒருவரையும் அந்தக் கிளினிக்குகளோடு இணைத்தார்கள். பயிற்சி கொடுப்பதில் பங்கெடுத்தவரும் அவரே, பிறகு நோயாளியை அனுப்பிவைக்க வேண்டியதும் அவரிடமே. முகம் தெரிந்தவர் என்பதால் மருத்துவர்களுக்குத் தயக்கம் குறைந்தது. ஓராண்டில் அந்தக் கிளினிக்குகளிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்டவர்கள் 223 பேர். இந்த ஏற்பாடு இல்லாத மற்ற 24 கிளினிக்குகளிலிருந்து 12 பேர். இரண்டு பக்கமும் ஒரே ஊர்களின் மருத்துவர்கள்தான்.

வருகிற எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி சொல்லவில்லை. அறிகுறி தெரியும்போது கேட்கச் சொல்கிறது. அதற்கும் முன்னதாகத் தனிமையான இடம், ரகசியக் காப்பு, பயிற்சி பெற்றவர்கள், எழுதிவைத்த நடைமுறை, அனுப்பிவைக்க ஓர் இடம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்கிறது.

இதில் தனிமைதான் மிகவும் அலட்சியமாக விடப்படுகிறது. கூட வந்தவர் அறைக்குள்ளேயே நிற்கிறார், கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்கிறார். அந்த நேரத்தில் அவரை மட்டும் வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும், வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழலாம். எனவே எந்த நோயாளியானாலும் கொஞ்ச நேரம் தனியாகத்தான் பார்ப்போம் என்பதைக் கிளினிக்கின் பொதுவிதி ஆக்குங்கள், வாசலிலேயே எழுதிப் போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் உறவினர் வேண்டாம். குழந்தை வேண்டவே வேண்டாம். சொல்வதில் எதை ரகசியமாக வைக்க முடியும், எதைச் சட்டப்படி வெளியே தெரிவித்தாக வேண்டும் என்பதையும் கேள்விக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

ரகசியம் வரவேற்பு மேசையிலும் உடையும். நோயாளி தந்த எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை வேறு யாரோ படிக்கலாம். மருத்துவக் குறிப்பை செயலியில் பார்க்கும் வசதி இருக்கும் இடங்களில், கடவுச்சொல் துணைவர் கையில் இருக்கலாம். பல கிளினிக்குகளில் அடிப்பவரும் அதே மருத்துவரின் நோயாளி. அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதோ, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதோ அடி வாங்குபவளை இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளிவிடும். “உடனே வீட்டை விட்டு வந்துவிடம்மா” என்று நல்ல மனதோடு சொல்வதும் அப்படித்தான். பிரிந்து வரும் காலமே பல பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். எப்போது, எப்படி என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கூட இருந்து திட்டமிட உதவுவது நம் வேலை.

கழுத்தை நெரித்தாரா என்ற கேள்வியை மட்டும் எந்த மருத்துவரும் விட்டுவிடக் கூடாது. வெளியே தடம் எதுவும் இல்லாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கச் சிரமப்படுவது போன்றவை எச்சரிக்கை. ஒருமுறை நெரிக்கப்பட்டவர் பின்னாளில் அதே கையால் கொல்லப்படும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அன்றைக்கே பரிசோதனையும் பாதுகாப்புப் பேச்சும் நடக்க வேண்டும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை இடமுண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இவை உங்கள் அலமாரியில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்குத் தெரியுமா? புகார் கொடுத்துவிட்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். சிகிச்சைக்குப் புகார் நிபந்தனை ஆகக் கூடாது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற பெயரில் செய்வதற்கு அறிவியல் அடிப்படையே கிடையாது. அதை நிறுத்தச் சொல்லி ஐ.நா. அமைப்புகள் 2018லேயே அறிவித்துவிட்டன.

இன்னொன்று. உங்கள் ஊழியர்களிலும் இதை அனுபவிப்பவர்கள் இருப்பார்கள். இன்னொருவரின் கதையைக் கேட்டுவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள். அவர்களுக்கு விடுப்பும், நம்பிப் பேச ஓர் ஆளும் வேண்டும்.

நான் கேட்பது மூன்று. உதவி அமைப்பிலிருந்து ஒருவரை உங்கள் கிளினிக்கோடு பெயர் சொல்லி இணையுங்கள். இப்படி ஒரு நோயாளி வந்த நாளில் மருத்துவர் கூடுதல் நேரம் எடுத்தால் அதைத் தாமதம் என்று கணக்கெழுதாதீர்கள். வரும் பட்ஜெட்டில் அந்த உதவியாளரின் சம்பளத்தை, பயிற்சிச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுக்காமல், தனித் தொகையாக ஒதுக்குங்கள்.

அக்கறையுடன்,
உங்கள் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதும் ஒருவர்