நிப்பான்னு இருந்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஜப்பான் பழைய பீங்கான் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, படங்களும் பிரமாதம், ஆனா "கவுத்துப் பாருங்க, அடியில 'நிப்பான்'னு இருந்தா நூறு வருஷப் பழசு, தைரியமா வாங்கலாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு. அப்படி தைரியமா ஒரு ஜாடி வாங்கி ஏமாந்தவன் நான்.

அந்த நிப்பான் வந்த கதையே வேற. 1890ல அமெரிக்காவுல மெக்கின்லி சுங்கவரிச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, வெளியிலேர்ந்து வர்ற சரக்குல எந்த நாட்டுதுன்னு இங்கிலீஷ்ல இருக்கணும்னு, 1891லேர்ந்து ஜப்பான்காரங்க தங்க நாட்டுப் பேரை நிப்பான்னு இங்கிலீஷ் எழுத்துல போட்டு அனுப்பினாங்க. 1921ல அமெரிக்க சுங்கத்துறை அது ஜப்பானிய வார்த்தை, செல்லாது, ஜப்பான்னே போடுங்கன்னு சொல்லிருச்சு. ரெண்டாம் உலகப்போருக்கப்புறம் அமெரிக்கப் படை அங்க இருந்தப்ப வந்தது 'ஆக்குபைடு ஜப்பான்'ங்கற முத்திரை, 1952ல அந்த ஆட்சி முடிஞ்சதும் அதுவும் போச்சு. ஆக இதெல்லாம் அமெரிக்காவுக்குக் கப்பலேறின சரக்கோட கணக்குங்க. 1891க்கு முன்னாடி செஞ்சது, ஜப்பானுக்குள்ளயே வித்ததுல எல்லாம் இந்த வார்த்தையைத் தேடினா கிடைக்காது, அதுக்காக அது போலி ஆயிடுமா?

என் ஜாடிக்கு வர்றேன். நகோயா பக்கம் நோரிடேக்ல 1904ல ஆரம்பிச்ச கம்பெனியோட முத்திரை ஒண்ணு உண்டு, இலை வளையத்துக்கு நடுவுல எம் எழுத்து, மொரிமுராங்கற குடும்பப் பேரோட முதல் எழுத்து அது. என் ஜாடியிலயும் இலை வளையம், கீழ நிப்பான், எல்லாம் பச்சைக் கலர்ல பளிச்சுன்னு. வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் பார்த்தா நடுவுல எம் இல்ல, மணல் கடிகாரம்! வளையமும் தலைகீழ். இது ரொம்பப் பழைய டுபாக்கூர்னு அப்புறந்தான் தெரிஞ்சுது, பின்னாடி வந்த போலிகள்ல எம்மையும் ஒழுங்காவே போட்டுட்டானுங்க, அதனால முத்திரையை மட்டும் நம்பி பிரயோஜனம் இல்ல.

அதே லென்ஸை ரோஜா இதழ் மேல வச்சேன் பாருங்க, பூரா புள்ளி புள்ளியா பிரிண்ட். கையால வரைஞ்சதுன்னா பிரஷ் வச்ச இடத்துல கலர் தடிச்சு, இழுத்து விட்ட இடத்துல மெலிஞ்சு போகும், வெளிச்சத்துல சாய்ச்சா அந்தக் கோடு தெரியும், சில இடத்துல நகத்துக்கே தட்டுப்படும். தங்கப்பூச்சும் அப்படித்தான், நூறு வருஷம் கை பட்டிருந்தா பிடியிலயும் விளிம்புலயும் கொஞ்சமாவது தேய்ஞ்சிருக்கணும், என்னுதுல நேத்து பூசின மாதிரி ஒரே மினுக்கு.

இன்னொரு கூத்து, ஜப்பான்ல அரிடாங்கற ஊர்ல 1600கள்ல செஞ்ச நிஜமான ஜப்பான் பீங்கான்லயே சீனாவோட செங்ஹுவா ராஜா பேர் போட்டது உண்டு, அவர் ஆண்டது 1464லேர்ந்து 1487 வரைக்கும்! ஏமாத்தறதுக்குன்னு இல்ல, சீனச் சரக்கு மேல அவ்வளவு மோகம். அந்தப் பேரை நம்பினா நாடும் தப்பு, நூற்றாண்டும் தப்பு.

அதனால அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டுடுங்க, அடுத்த தடவை ஜாடி படம் போடறப்ப அடிப்பக்கத்தையும் கிட்டப்போய் எடுத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்