எண்ணெய் கசிந்த நிலத்தில் ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் முதலியவை கசிந்த இடங்களைப் பற்றிய செய்திகளில் ஆய்வு முடிவு என்று பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறோம். ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எண்ணெய்ச் சேர்மங்கள் அனைத்தின் கூட்டளவு), அது வரம்புக்குள் இருக்கிறது அல்லது வரம்பை மீறியிருக்கிறது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த நிலத்தின்மேல் குடியிருப்பவரின் உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்பதை அந்த எண்ணைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

பெட்ரோலியம் என்பது நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. ஒரு கிலோ மண்ணில் 1,000 மில்லிகிராம் என்ற அதே அளவு, அண்மையில் கசிந்த பெட்ரோலாக இருந்தால் அதில் பென்சீன் இருக்கும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. அதே அளவு பழைய மசகு எண்ணெயாக இருந்தால், எளிதில் ஆவியாகாத, நீரிலும் அதிகம் கரையாத கனமான சேர்மங்களே மிகுதியாக இருக்கும். இதனால்தான் 1990களில் அமெரிக்காவில் இத்துறை வல்லுநர்கள் கலவையை அலிபாட்டிக் (பென்சீன் வளையம் இல்லாதவை), அரோமேட்டிக் (அந்த வளையம் உள்ளவை) என்று பிரித்து, கார்பன் எண்ணிக்கையைக் கொண்டு மேலும் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நச்சுத்தன்மை மதிப்பை வகுத்தார்கள். பென்சீன், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் இவற்றோடு சேர்க்கப்படாமல் தனியாகவே மதிப்பிடப்படுகின்றன.

எண்ணை நம்புவதற்கு முன் மாதிரி எடுத்த விதத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. மண்வெட்டியால் அள்ளிய மண்ணைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்திருந்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பென்சீனில் பெரும்பகுதி வழியிலேயே பறந்துவிடும். அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும். அந்த வரி பொய்யும் ஆகாது. மண்ணைக் கிளறாமல் எடுத்து, அங்கேயே, பென்சீனை ஆவியாகவிடாமல் கரைத்து வைத்துக்கொள்ளும் மெத்தனாலில் இட்டோ காற்றுப் புகாமல் அடைத்தோ குளிர்நிலையில் கொண்டுசென்றால்தான் அந்த முடிவுக்குப் பொருள் உண்டு.

அடுத்த கேள்வி, நச்சு எந்த வழியாக யாருடைய உடலுக்குள் போகிறது என்பது. மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 15 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குவதாகவும், 80 கிலோ எடையுள்ள பெரியவர் 100 மில்லிகிராம் விழுங்குவதாகவும் வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் குழந்தைக்குச் சேர்வது பத்து மடங்குக்கும் அதிகம். ஆகவே ஒரே மண் தொழிற்கூடத்துக்குப் பொருந்தலாம், வீட்டுக்கோ பள்ளிக்கோ பொருந்தாமல் போகலாம்.

குடிநீர் இதைவிடக் கடுமையான வழி. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆனால் ஏறத்தாழ 500 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் நாக்குக்கு அது தெரிவதில்லை. தண்ணீரில் வாடையோ சுவை மாற்றமோ இல்லை, குடிக்கலாம் என்று சொல்வது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இந்த இடைவெளியே சான்று. நைஜீரியாவின் ஓகோனிலாந்தைப் பற்றி ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓரிடத்தில் நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுத்திகரித்த எண்ணெய் மிதந்தது. மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் பென்சீன் வழிகாட்டு அளவைப் போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது.

மூன்றாவது வழி ஆவி. நிலத்தடியிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி தரையின் விரிசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடும். இதில் ஓர் ஆறுதலும் உண்டு: மண்ணில் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால், சில அடி ஆழத்துக்குள்ளேயே நுண்ணுயிரிகள் அந்த ஆவியைப் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆனால் பரந்த கான்கிரீட் தளத்தின் அடியில் ஆக்சிஜன் குறைந்துபோகலாம். கழிவுநீர்க் குழாய் எண்ணெய்ப் படலத்தின் வழியே சென்றால், மண்ணையே தொடாமல் ஆவி குளியலறைக்கு வந்து சேரலாம். குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்று பார்க்காத ஆய்வை நான் முழுமையான ஆய்வாகக் கருதமாட்டேன்.

நுண்ணுயிரிகள் சிதைத்த பிறகு எஞ்சுவதைப் பற்றித்தான் வல்லுநர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய புதிய சேர்மங்கள் நீரில் எளிதில் கரைபவை. ஆய்வகத்தில் மாதிரியை, இத்தகைய சேர்மங்களைப் பற்றிக்கொள்ளும் சிலிக்கா ஜெல் வழியே செலுத்தினால் அவை நீங்கி, அறிக்கையில் எண் குறைந்துவிடும். தண்ணீரில் அவை இருந்தபடியேதான் இருக்கும். 1979இல் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டிய அமெரிக்காவின் பெமிட்ஜி என்ற இடத்தில், பல பத்தாண்டுகளாக இச்சேர்மங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றில் பலவற்றின் நச்சுத்தன்மை முறையாக அளக்கப்படவில்லை. அளக்கப்படாதது என்பதற்காக அவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது முறையாகாது. சிலிக்கா ஜெல்லுக்கு முன்னும் பின்னும் கிடைத்த இரு எண்களையும் வெளியிடலாமே.

எனவே, இத்தகைய செய்திகளில் எந்தெந்தச் சேர்மங்கள் தனியாக அளக்கப்பட்டன, மாதிரி எந்த ஆழத்தில் எப்படி எடுக்கப்பட்டது, அருகிலுள்ள கிணறுகள் சோதிக்கப்பட்டனவா என்பவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அதற்கு இடமில்லை என்றால், சொல்லப்படும் வரம்பு குடியிருப்பு நிலத்துக்கானதா, தொழிற்கூட நிலத்துக்கானதா என்பதையாவது அந்த எண்ணின் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்