தானே நீட்டிய கை

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டிருந்தாய். காலை நடையும் பேரனுக்குக் கதை படித்துக் காட்டுவதுமாக அமைதியாகவே போகின்றன. உன் கடிதம் வந்து இரண்டு வாரங்களாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், கடைசிப் பக்கத்தில் நீ தயங்கித் தயங்கி எழுதியிருந்த அந்த நான்காம் வகுப்புப் பையன்.

மூட்டுகள் பலவீனமானவன், ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது என்று அவனுடைய தாய் மாதத்துக்கு ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதையும், சக்கர நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டுப் போவதையும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த ஓர் இடைவேளையில் அவன் எழுந்து பந்தைத் துரத்தி மைதானத்தின் குறுக்கே ஓடியதையும், உன்னைக் கண்டதும் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டு “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்” என்று கெஞ்சியதையும் எழுதியிருந்தாய். இல்லாத நோயைத் தாயே கட்டிச் சொல்கிறாளோ என்று ஒரு தாயைப் பற்றி நினைப்பதே பாவமில்லையா என்றும் கேட்டிருந்தாய். அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் தேடாமல் விட்டதால் ஒரு குழந்தை மேலும் ஏழு மாதங்கள் துன்பப்பட்டது. இதை உன்னிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை.

குழந்தைகள் வார்டில் நான் பணிக்குச் சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். வலிப்பு என்று ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைச் சேர்த்தார்கள். சலைன் ஏற்றுவதற்காக ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். மற்றக் குழந்தைகளைப் போல் அழவோ, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளவோ செய்யாமல், அவள் தானே இடக்கையை நீட்டி, “இந்தக் கையில் போடுங்கள் சிஸ்டர், அந்தக் கையில் நரம்பு கிடைக்காது” என்றாள். தைரியசாலி என்று பாராட்டி அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், தன் கையில் எந்த நரம்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருந்தாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவளுடைய தாயை வார்டில் எல்லோருக்கும் பிடிக்கும். குழந்தையை விட்டு ஒரு நிமிடம் நகரமாட்டாள். பக்கத்துக் கட்டில் தாய்மார்களுக்கு ஆறுதல் சொல்வாள். இரவு டியூட்டியில் இருக்கும் எங்களைச் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பாள். வலிப்பு வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், எந்தப் பக்கம் இழுத்தது என்பதையெல்லாம் அழகான கையெழுத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் பயிற்சி மருத்துவர்களைவிடச் சரளமாகச் சொல்வாள். ஒன்றை மட்டும் நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தால், மற்றத் தாய்மார்கள் கண்ணில் நீர் மல்க எங்கள் கைகளைப் பற்றிக்கொள்வார்கள். இவளோ காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன பரிசோதனை என்று கேட்பாள்.

அழைப்பு மணி கேட்டு நாங்கள் ஓடிப் போகும் ஒவ்வொரு முறையும் வலிப்பு முடிந்திருக்கும். குழந்தை துவண்டு கிடக்கும். மூன்று வகை வலிப்பு மருந்துகளைத் தின்னும் குழந்தை துவண்டு கிடக்காமல் வேறு எப்படி இருக்கும்? மருந்து தந்த மயக்கத்தை நோய் தந்த மயக்கம் என்று எடுத்துக்கொண்டு, மருந்தை இன்னும் கூட்டினோம். ஒருநாள் இரவு, புதிதாகச் சேர்ந்திருந்த இளைய செவிலி என்னிடம் வந்து, “இந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்து நம்மில் யாராவது கண்ணால் பார்த்திருக்கிறோமா?” என்று கேட்டாள். பெற்ற தாயைச் சந்தேகிப்பதா என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் அதன்பின் வாய் திறக்கவில்லை.

ஏழு மாதங்கள் கழித்து அதே குழந்தை மறுபடியும் வந்தபோது, உறவில் யாரோ உடல்நலமில்லாமல் இருந்ததால் தாய் பத்து நாட்கள் வெளியூர் போக நேர்ந்து, பாட்டி வந்து துணைக்கு இருந்தார். அந்தப் பத்து நாட்களில் ஒரு வலிப்புகூட வரவில்லை. தலைமை மருத்துவர் இதைக் குறித்துக்கொண்டு, அதுவரை குழந்தை பார்த்திருந்த ஐந்து மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டுகளையும் வரவழைத்துத் தேதிவாரியாக அடுக்கினார். முதல் மருத்துவமனையில் “வலிப்பு வந்ததாகத் தாய் கூறுகிறார்” என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் “வலிப்பு வந்த வரலாறு உண்டு” என்று இருந்தது. மூன்றாவதில் அது “வலிப்பு நோயாளி” ஆகியிருந்தது. தாய் கூறுகிறார் என்ற இரண்டு சொற்கள் எங்கோ உதிர்ந்துபோயிருந்தன, தோழி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், நான் உட்பட, அவை உதிர்ந்த இடத்தின்மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவியோடும் காமிராவோடும் தொடர்ந்து கண்காணித்தபடி மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். வலிப்பு வரவில்லை. நான்காம் வாரத்தில் அவள் வார்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுவே முதல் முறை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. தனக்கு நோய் இருப்பதாகக் கதை கட்டி மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களைப் பற்றி, 1951-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியபோது, கட்டுக்கதைகளுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயரைக் கொண்டு மன்ச்சாசன் சிண்ட்ரோம் என்று அழைத்தார். 1977-இல் அதே இதழில், லீட்ஸ் நகரக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ, குழந்தையின் உடம்பை வைத்து அதே கதையைக் கட்டும் தாய்மார் இருவரைப் பற்றி எழுதி, அதை மன்ச்சாசன் சிண்ட்ரோம் பை பிராக்சி, அதாவது இன்னொருவர் வழியாக வரும் மன்ச்சாசன் சிண்ட்ரோம், என்றார். அவர் எழுதிய ஆறு வயதுச் சிறுமி 12 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவள்; 16 நிபுணர்கள் அவளைப் பார்த்திருந்தனர்; அவளுடைய சிறுநீர் 150 முறை கிருமிப் பரிசோதனைக்குப் போயிருந்தது. செவிலியர் நேரில் நின்று எடுத்த மாதிரிகள் சுத்தமாக இருந்தன. தாயின் கையில் இருந்த மாதிரிகளில்தான் கோளாறு இருந்தது. இன்னொரு குழந்தைக்குத் தாய் அளவுக்கு மீறி உப்பைப் புகட்டியிருந்தாள்; அது இறந்துபோயிற்று.

இப்போது இதை அழைக்கும் முறை மாறியிருக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் ‘பிறர்மீது சுமத்தப்படும் போலி நோய்க் கோளாறு’ என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. அது தாய்க்கு உள்ள கோளாறு, குழந்தைக்கு உள்ளதன்று. குழந்தை மருத்துவர்கள் பலர், தாயின் மனம் எப்படியிருந்தால் என்ன, குழந்தைக்கு நடப்பது வதை, அது மருத்துவத்தின் வழியாக நடக்கும் வதை என்று சொல்லவே விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் குழந்தையின் தோலில் ஊசியை ஏற்றியது தாயின் கையன்று; என் கை. அடித்த தழும்பை மருத்துவரிடம் காட்டினால் அவர் குழந்தையைக் காப்பாற்றுவார். இந்த வதையில் மருத்துவரே கருவியாகிவிடுகிறார். அவருடைய திறமை எவ்வளவு கூடுதலோ, குழந்தைக்கு அவ்வளவு ஆழமான காயம்.

கேடு ஊசியோடும் மருந்தோடும் நிற்பதில்லை. தேவையில்லாத அறுவை சிகிச்சை, மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ உணவுக் குழாய், ஆண்டுக்கணக்கில் இழந்த பள்ளி, இழந்த விளையாட்டு என்று அது நீள்கிறது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவ இதழ்களில் அதுவரை பதிவான 451 குழந்தைகளை எடுத்துப் பார்த்தது. அவர்களில் 6 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 7 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நிரந்தரமான அல்லது நெடுங்காலப் பாதிப்போடு வாழ்ந்தார்கள். முதல் அறிகுறிக்கும் உண்மை தெரிய வருவதற்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய 22 மாதங்கள் கடந்திருந்தன. பெரும்பாலோர் நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள், அதாவது தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள். சொல்லத் தெரிந்த பெரிய குழந்தைகளோ, தாய் சொல்வதையே நம்பித் தன்னை நோயாளி என்று ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். சில சமயம் தாயின் அன்பு கைவிட்டுப் போகாமலிருக்க நோயை அவர்களே நடித்தும் காட்டுகிறார்கள். உன் மாணவன் நாற்காலிக்குத் திரும்பி ஓடி வந்தான் என்று படித்தபோது என் நெஞ்சு பதறியது இதனால்தான்.

எங்கள் வார்டில் இருந்த அந்தச் சிறுமி பாட்டியிடம் வளர்ந்தாள். பதினாறு வயதில் ஒருமுறை சாதாரணக் காய்ச்சலுக்காக மருத்துவமனைக்கு வந்தவள், என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குத் தலை வலிக்கிற மாதிரி இருக்கிறது சிஸ்டர். இது நிஜமாகவே வலிக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் செய்பவர்கள் யார், ஏன் செய்கிறார்கள் என்று நீ கேட்பாய். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 796 பேரைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், குழந்தையின் தாய்மார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவத்துறை சார்ந்த வேலை பார்த்தவர்கள். சுமார் 30 விழுக்காட்டினர் தங்கள் குழந்தைப் பருவத்தில் தாங்களே கொடுமைக்கு ஆளானவர்கள். அக்கறையான தாய் என்று நான்கு பேர் மெச்சுவதும், பரிவோடு பார்ப்பதும், மருத்துவர்கள் தங்கள் பேச்சுக்குச் செவிசாய்ப்பதும் சிலருக்கு உயிர்மூச்சு போல ஆகிவிடுகின்றன. இதைச் சொல்வதால் அவர்களை நான் மன்னிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அவர்கள் எல்லோரும் பார்த்த மாத்திரத்தில் கொடியவர்களாகத் தெரிவார்கள் என்று நீ எதிர்பார்த்தால், கண்ணெதிரே இருப்பவரைத் தவறவிடுவாய்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இது அரிதானது. 1990-களில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டு ஆண்டுகள் நடந்த கணக்கெடுப்பில் 128 குழந்தைகள் தான் அடையாளம் காணப்பட்டார்கள். பயந்த சுபாவமுள்ள தாய், மருத்துவர் சொல்வதில் நம்பிக்கை இழந்து வேறு மருத்துவரைத் தேடும் தாய், இன்னும் பெயரே வைக்கப்படாத நோயுள்ள குழந்தையின் தாய், இவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சக்கர நாற்காலியில் வரும் எத்தனையோ குழந்தைகள் சில நாட்கள் நடப்பார்கள், சில நாட்கள் முடியாமல் போகும்; அதுவும் உண்மையான நோய்தான். இங்கிலாந்தில் அடுத்தடுத்து இரண்டு கைக்குழந்தைகளைத் திடீர் மரணத்தில் பறிகொடுத்த ஒரு தாயின் வழக்கில், அப்படி இரண்டு இயற்கை மரணங்கள் நிகழ 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று அதே ராய் மெடோ நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு என்று புள்ளியியல் அறிஞர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1999-இல் தண்டிக்கப்பட்ட அந்தத் தாய், வெளியிடப்படாமல் இருந்த பரிசோதனை முடிவுகள் தெரிய வந்த பிறகு 2003-இல் தான் விடுதலையானார். குழந்தைகளையும் இழந்து, கொன்றவள் என்ற பெயரையும் சுமந்து அவர் சிறையில் இருந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

ஆகவே நீ தாயை எடை போட வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் மருத்துவர்களுக்கு மூன்று கேள்விகளை முன்வைத்தது: சொல்லப்படும் வரலாறும் அறிகுறிகளும் நம்பத்தக்கவையா? குழந்தைக்குத் தேவையில்லாத, கேடு தரக்கூடிய சிகிச்சை நடக்கிறதா? நடந்தால் அதைத் தூண்டுவது யார்? இவற்றுக்குப் பதில் கண்டுபிடிப்பது உன் வேலையன்று. அதற்கு எல்லாப் பதிவேடுகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு மருத்துவர் வேண்டும். ஆனால் அந்த மருத்துவரிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. தாய் அருகில் இல்லாத நேரத்தில், நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அந்தக் குழந்தையைப் பார்ப்பவள் நீ மட்டும்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். நீ கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியும் நேரமும் போட்டு எழுது. தாய் சொன்னதைத் தனியாக, “தாய் கூறுகிறார்” என்ற சொற்களோடு எழுது. பையனைக் குறுக்கு விசாரணை செய்யாதே, நாற்காலியிலிருந்து எழுந்தால் அதிசயப்படாதே, விளையாட விடு. தாயிடம் உன் சந்தேகத்தை எக்காரணம் கொண்டும் வெளிப்படுத்தாதே. இப்படிப்பட்டவர்கள் கேள்வி கேட்கப்பட்டதும் குழந்தையை அழைத்துக்கொண்டு வேறு பள்ளிக்கும் வேறு மருத்துவமனைக்கும் போய்விடுவதும், சொன்னது மெய் என்று காட்ட நோயை இன்னும் முற்றச் செய்வதும் உண்டு. தலைமையாசிரியரிடமும், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலரிடமும் அந்த நோட்டோடு போ. உன் ஊகம் தவறாக இருந்தால், சரியான மருத்துவர் ஒருவரின் பார்வை அந்தப் பையனுக்குக் கிடைக்கும். அந்தத் தாய்க்கும் அதனால் நன்மைதான்.

அந்த இளைய செவிலி இப்போது வேறோர் ஊரில் தலைமைச் செவிலியாக இருக்கிறாள். ஆண்டுகள் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது, “அன்றைக்கே நான் இன்னொருவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் அக்கா” என்று தன்னையே நொந்துகொண்டாள். உன் தலைமையாசிரியர் என்னைப் போல உன்னைக் கடிந்துகொள்ளவும் கூடும். அப்படியானால் அன்று மாலையே என்னைத் தொலைபேசியில் கூப்பிடு. கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பையன் பந்தின் பின்னால் ஓடிய அந்த நாளின் தேதி உனக்கு நினைவிருக்கிறதல்லவா? முதல் பக்கத்தில் அதை எழுதிவிடு.

என்றும் அன்புடன்,
உன் தோழி