முள்புதர் ஓணானுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர் பொதுமக்கள்,
உதகமண்டலம் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: சாலையோர முள்புதர்களை ஒரே மூச்சில் பிடுங்கிக் கொளுத்துவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சாலையின் இரு பக்கமும் மஞ்சள் பூ பூக்கும் கார்ஸ் முள்புதர்களைப் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கி, அங்கேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். கார்ஸ் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த செடி, புல்வெளியை விழுங்கிவிடும், அகற்றத்தான் வேண்டும். அந்நியக் களைத் தாவரங்கள் குறித்து 2022-ல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கையும் அதற்காகத்தானே. எங்கள் கவலை அகற்றும் விதத்தைப் பற்றியது.

அந்தப் புதர்களுக்குள் ஓர் ஓணான் வாழ்கிறது. சமவெளியில் வேலி மேல் தலையாட்டும் ஓணான் அல்ல இது. அறிவியல் பெயர் சாலியா ஹார்ஸ்ஃபீல்டி. 1845-ல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தார். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரி, பழனி போன்ற உயரமான இடங்களில்தான் இருக்கிறது. ஆணுக்குப் பிடரியிலும் முதுகிலும் முள்வரிசை உண்டு. சோலை ஓரத்துக் குறுஞ்செடிகள்தான் இதன் சொந்த வீடு. அவை குறைந்துபோன இடங்களில் கார்ஸ் புதரிலும் தோட்டத்து வேலியிலும் ஒண்டிக்கொண்டது. முள் அடர்த்தியாக இருப்பதால் பருந்தும் பூனையும் எளிதில் நெருங்க முடியாது.

ஓணானின் உடல் வெயிலை நம்பித்தான் இயங்குகிறது. உறைபனி விழுந்த காலையில் அது விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறி, புதர் உச்சியில் குளிர் காய்ந்த பிறகுதான் நடமாடும். பொக்லைன் வருவதோ காலையிலேயே. தப்பி ஓடத் தெம்பு ஏது? முட்டையையும் மண்ணுக்குள்தான் இடுகிறது, வேரைத் தோண்டினால் அதுவும் போச்சு.

ஆகவே புதர்களைத் துண்டு துண்டாக, ஒரு பகுதி விட்டு ஒரு பகுதியாக அகற்றச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் ஊசிக்களா, தவிட்டுப்பழம், குறிஞ்சி போன்ற நம் மலைச் செடிகளை நட்டு, அவை இடுப்பளவு வளர்ந்த அப்புறம் மீதியைத் தொடலாம். வெயில் வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும், தீ வைக்கவே கூடாது. வேலைக்கு முன் வனத்துறையினர் ஒருமுறை பார்வையிடுவதும் அவசியம்.

ஓணானுக்கு மனுவா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வளைவில் வேலை தொடங்கும் முன் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் பொதுமக்கள்
(கையெழுத்துகள் இணைப்பில்)